தண்ணீர்மேல் குற்றமில்லை

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, சால்வை போர்த்திய வார்டு உறுப்பினர் அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி அவர்களே (இவரை எந்த மேடையிலும் யாரும் அழைப்பதில்லை), தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

கிருமி நம் வயிற்றுக்கு வர மூன்று வழி: குழாய், தொட்டி, குடம். மூன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் நான் எங்கே போனாலும் சொல்வது: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.

1892. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். ஒட்டினாற்போல அல்டோனா. இரண்டுக்கும் நடுவே எல்லை, சில இடங்களில், வெறும் ஒரு தெரு. இரண்டு ஊருக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். ஹாம்பர்க் ஊருக்கு மேலே எடுத்தது. அல்டோனாவோ, ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு கீழே எடுத்தது. காலரா எந்த ஊரை வாரியிருக்க வேண்டும்? அல்டோனாவைத்தானே? இல்லை! ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் பிணம், அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது. காரணம் மணல். 1859 முதலே அல்டோனா தண்ணீரை மணல் படுகையில் மெதுவாக வடிகட்டியது. மணல்மேல் படரும் வழவழப்பான உயிர்ப்படலம் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். ஹாம்பர்க்காரர்கள் செலவு யார் தலையில் என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். பிணம் விழுந்த மறுவருடமே வடிகட்டி வந்துவிட்டது! அழுக்குத் தண்ணீரை வடிகட்டிக் குடித்த ஊர் பிழைத்தது ஐயா. தண்ணீரைப் பழிக்காதே!

சரி, குழாய். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. காலிக்குழாய் உறிஞ்சும். சாக்கடையோரம் விரிசல் இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் மோட்டாரையும் மாட்டினால்? மாட்டியவர்கள் கைதூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

அப்புறம் தொட்டி. இதற்காகத்தான் வந்தேன். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே பெயின்ட்டில் எழுத வேண்டும். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கிருமி கொல்லும் குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்த்துப் பலகையில் போட வேண்டும். தலைவர் சிரிக்கிறார். சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குடத்தைப் பற்றி... மணி அடித்துவிட்டார்கள். தேதியும் பலகையும் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது.