ஒரு ஸ்பூன் நியூட்ரான்

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் காட்பாடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டு வெளியே வரும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்து, "சார், நியூட்ரோனியத்துல விண்கப்பல் செஞ்சா எந்தக் குண்டாலயும் உடைக்க முடியாதாமே, நிஜமா?" என்று கேட்டான். அணுக்கருவில் இருக்கும் நியூட்ரான் துகள்களை மட்டும் நெருக்கி அடைத்த பொருள்தான் நியூட்ரோனியம். ஏதோ கதையில் படித்திருக்கிறான். பஸ் வந்துவிட்டதால் பாதி பதில்தான் சொன்னேன், மீதி இங்கே.

நம் வேலூர்க் கோட்டையை ஒரு அணு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு கொண்டைக்கடலை அளவுதான், மிச்சமெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் வெட்டவெளி. பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து தன் எடையைத் தானே தாங்காமல் உள்ளே சரியும்போது அந்த வெளி போய்விடுகிறது, எலக்ட்ரானும் புரோட்டானும் நெருக்கப்பட்டு நியூட்ரான் ஆகிவிடுகின்றன. இயற்பியலாளர் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932இல். 1934இலேயே பாடே, ஸ்விக்கி என்ற இரண்டு வானியலாளர்கள் இப்படி நியூட்ரானால் ஆன ஒரு நட்சத்திரம் இருக்கும் என்று எழுதிவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். இந்த நியூட்ரான் நட்சத்திரம் சூரியனைவிட அதிக எடை, ஆனால் குறுக்களவு வேலூரிலிருந்து ஆற்காடு போகிற தூரம். ஒரு டீஸ்பூன் அள்ளினால் சுமார் 200 கோடி டன்.

சரி, அள்ள முடியுமா? இங்கேதான் கதைகள் சறுக்குகின்றன. நியூட்ரோனியம் இரும்பு மாதிரி தானாகக் கெட்டியாக நிற்கும் பொருள் இல்லை. மூட்டையில் திணித்துக் கட்டிய பஞ்சு போல, நட்சத்திரத்தின் ஈர்ப்புவிசைதான் அதைக் கட்டி வைத்திருக்கும் கயிறு. ஒரு ஸ்பூனை வெளியே எடுத்த கணமே கயிறு அறுந்து, எந்த அணுகுண்டும் கிட்டே வர முடியாத வேகத்தில் வெடித்துச் சிதறும். சிதறிய நியூட்ரான்களில் பாதி பத்தே நிமிடத்தில் புரோட்டானும் எலக்ட்ரானுமாக உடைந்துபோகும். அதனால் கப்பல் செய்ய ஆகாது தம்பி. ஆனால் அந்த வெடிப்பை வைத்து நீ ஒரு கதை எழுதினால், உடையாத கப்பலைவிட அது நல்ல கதையாக இருக்கும்.

அப்புறம், 1054இல், இங்கே சோழர் ஆண்ட காலத்தில், ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரம் வெடித்ததைச் சீனர்கள் எழுதி வைத்தார்கள். அதன் மிச்சம்தான் நண்டு நெபுலா என்ற வாயு மேகம். நடுவில் இருக்கும் நியூட்ரான் நட்சத்திரம் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது. தை மாதத்தில் ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் போனால், காளையின் கொம்பு நுனியைத் தேடுங்கள். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் அது அங்கேதான் இருக்கிறது.