ஆடுகளை அழைத்த சொல்

(வேலூரில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடி என்று காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

என் பாட்டி, தாத்தாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பேர் என்னம்மா?" என்று கேட்டால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "திருப்பதி சாமி பேருதாம்பா" என்பார். கடைக்காரர் விடமாட்டார். பாட்டி என் தோளை இடிப்பார், நான் சொல்வேன். பீடிக் கட்டை எண்ணும்போது 'ஏழு' வந்தால்கூட "ஆறுக்கு அடுத்தது" என்றுதான் எண்ணுவார். பேரைச் சொன்னால் அந்த மனுஷனுக்கு ஆயுசு குறையும் என்று நம்பியவர். பெயருக்குள் உயிர் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் அவரிடம்தான் படித்தேன்.

பிறகு கல்லூரியில் ஒரு நாவல் கையில் கிடைத்தது. உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968-ல் வந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. தீவுகளால் ஆன ஓர் உலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை உயிருக்கு உயிரானவரிடம் மட்டுமே சொல்வார்கள். தெரிந்தவர் கையில் உங்கள் உயிர். படித்ததும் எனக்குப் பாட்டியின் முந்தானைதான் ஞாபகம் வந்தது.

லெ குவின் 1929-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். அப்பா ஆல்பிரட் குரோபர், மானிடவியலாளர். அம்மா தியோடோரா, எழுத்தாளர். அந்த வீட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. யாகி என்ற பழங்குடியில் கடைசியாக மிஞ்சிய ஒருவர் 1911-ல் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவரைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் அழிந்துபோயிருந்தார்கள். தன் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை; அவர்கள் வழக்கம் அப்படி. குரோபர்தான் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். 1916-ல் இஷி இறந்தார். உர்சுலா பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் இஷியின் வாழ்க்கையை 1961-ல் புத்தகமாக எழுதியவர் உர்சுலாவின் அம்மா. மகளின் கதையுலகில் எல்லாரும் பெயரை ஒளித்து வைத்திருப்பதற்கு இதுதான் விதை என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் எனக்கு அதில் பிடிப்பு உண்டு.

11 வயதில் உர்சுலா ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினார்; திரும்பி வந்தது. பணம் கொடுத்து அவர் கதையை ஒரு பத்திரிகை முதன்முதலில் வாங்கியது 1962-ல். இடையில் படிப்பு, பிரான்சுக்குப் போகும் கப்பலில் சந்தித்த சார்லஸ் லெ குவினுடன் 1953-ல் பாரிசில் திருமணம், போர்ட்லண்டில் குடித்தனம், மூன்று பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகுதான் எழுத்து. அறுபதுகளின் பின்பாதியில் ஒரு சிறிய பதிப்பாளர், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதுங்கள் என்று கேட்டார். மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடிக் கிழவர்தானே, அந்தத் தாடி முளைக்கும் முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தார். அப்படித்தான் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யின் நாயகன் கெட் பிறந்தான்.

ஆடு மேய்க்கும் பையன். அம்மா இல்லை. அம்மாவின் உடன்பிறந்தவள் ஊர் மந்திரக்காரி. கூரைமேல் ஏறிய ஆட்டை அவள் ஏதோ சொல்லி இறக்குவதைக் கேட்டுவிடுகிறான். மறுநாள் மலையில் அதே சொல்லைக் கூவுகிறான். ஆடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் வந்து அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கூவுகிறான். இன்னும் நெருக்குகின்றன. பயந்து ஓடினால், அவனை நடுவில் வைத்துக்கொண்டு மந்தையும் கூடவே ஓடுகிறது. அழைக்கத் தெரிந்தவனுக்கு விடுவிக்கத் தெரியவில்லை. மொத்த நாவலும் இந்த ஒரு பக்கத்துக்குள் இருக்கிறது. பின்னாளில் கர்வத்தில் ஒரு நிழலை அழைத்துவிட்டு, கடல் கடலாக அலைந்து, கடைசியில் அதைத் தன் பெயராலேயே அழைக்கிறான்.

கெட்டின் நிறம் செம்பழுப்பு. அவன் நண்பன் அவனைவிடக் கறுப்பு. இதை லெ குவின் தெரிந்தே செய்தார். ஆனாலும் அட்டைப்படங்கள் பலவற்றில் அவனை வெளுப்பாக்கினார்கள். 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதேதான். அவர் சும்மா இருக்கவில்லை, பகிரங்கமாக எழுதிக் கண்டித்தார். ஜவ்வாது மலை அடிவாரத்துப் பிள்ளை ஒருவன் இந்த நாவலில் தன் நிறத்தைப் பார்க்கலாம். எனக்கு இது சின்ன விஷயமே இல்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. எர்த்சீ வரிசையின் அந்த முதல் நாவலில், பெண்ணின் மந்திரம் பலமில்லாதது, பொல்லாதது என்று ஊரில் சொலவடை உண்டு. மந்திரப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பையனுக்கு முதல் சொல் கிடைத்தது ஒரு பெண்ணிடமிருந்து. அப்புறம் கதை அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டாம் நாவல் டெனார் என்ற பெண்ணைப் பற்றியது என்றாலும் பள்ளியின் கதவு திறக்கவில்லை. மூன்றாவது நாவல் 1972-ல் வந்து, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

18 ஆண்டு கழித்து, 1990-ல் 'டெஹானு' எழுதினார். பழைய நாவல்களில் ஒரு வரியை மாற்றவில்லை. அதே உலகத்துக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தார். டெனார் இப்போது நடுவயது விதவை. பண்ணை வீடு, பாத்திரம், ஆடு. மாபெரும் மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் இழந்து அங்கே வந்து சேர்கிறான். பெற்றவர்களே நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை டெனார் வளர்க்கிறாள். பாதி முகம் வெந்துபோனவள். ஊர் அவளைக் கண்டு ஒதுங்குகிறது. சாகசம் தேடியவர்களுக்கு ஏமாற்றம், சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அவர் எழுதியதிலேயே துணிச்சலானது இதுதான். பெயர் எடுத்த பிறகு, தன் கதையில் யார் விட்டுப்போனார்கள் என்று தானே தேடிப் போக எத்தனை பேருக்கு மனசு வரும்?

2014-ல் அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளை பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு 85 வயது. மாயக்கதை எழுதுகிறவர்களை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததை மேடையிலேயே சொல்லி, பரிசை அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். 2018 ஜனவரியில் போர்ட்லண்டில் காலமானார்.

அந்த வெந்த சிறுமி கடைசியில் டிராகனைக் கூப்பிடுகிறாள். அது வந்து அவளை உண்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அந்த இரண்டு பக்கத்தை உங்களுக்காகத் தமிழில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். இப்போது படிக்கிறேன். பின்வரிசையில் கேட்கவில்லை என்றால் கை தூக்குங்கள், அங்கேயே வந்து நின்று படிக்கிறேன்.