தறிச் சத்தத்தில் ஒரு மாமியார்

நேயர்களுக்கு வணக்கம்.

மாமியார் கதவைத் திறக்கிறார். வாசலில் யாரோ நிற்கிறார்கள். யாரென்று நமக்குக் காட்ட மாட்டார்கள். முதலில் மாமியார் முகம், அப்புறம் மூத்த மருமகள், அப்புறம் கொழுந்தன். சமையல்கார அம்மா வரைக்கும் ஒரு சுற்று வருவதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். டிவி சீரியலில் வரும் இந்தக் காட்சியைக் கிண்டல் செய்யாத வீடு சேலத்தில் கிடையாது. பார்க்காத வீடும் கிடையாது. நாங்கள் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, அதையே பதினோரு நிமிடப் படமாக எடுத்தோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சேலத்துக்காரனுக்குப் படமெடுக்கும் ஆசை வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் நுழைவு வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் வந்தது அந்த நிறுவனத்திடமிருந்துதான். அந்த வளைவைத் தாண்டி எங்கள் படக்குழு போனது இரண்டு பைக்கில். கேமரா, செல்போன். மொத்தச் செலவு 4,200 ரூபாய். பெட்ரோலும் தட்டுவடை செட்டும் போக மிஞ்சியதில் ஒரு சவுரியும் இரண்டு பழைய பட்டுப்புடவையும் தேறின.

பேய் வரும் காட்சிக்கு மூடுபனி வேண்டுமென்று ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்தும் பனி வரவில்லை. சரி, கூடத்தில் நடக்கும் சண்டையையாவது எடுப்போம் என்று தெரிந்தவர் காப்பித் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தோம். அப்போது வந்தது பாருங்கள். மாமியாராக நடித்தவன் மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பனியில் மாமியார் பாதி மறைந்தார், மீசை முழுசாக மறைந்தது.

வீடு திரும்பிப் போட்டுப் பார்த்தால் வசனமே இல்லை, வெறும் காற்று. கொண்டலாம்பட்டியில் நண்பன் வீட்டில், தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பேசிப் பதிவு செய்தோம். பக்கத்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் தடக் தடக், தடக் தடக். நிறுத்தச் சொல்ல முடியுமா, அது அவர்கள் பிழைப்பு. ராத்திரி உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது, சீரியலில் கதவு திறக்கும்போது வருமே ஒரு பதற்றமான தாளம், அதை எங்களுக்குத் தறி இலவசமாகப் போட்டுக்கொடுத்திருக்கிறது! வசனம் இல்லாத இடங்களிலும் அதையே ஓடவிட்டோம்.

இந்தக் கிறுக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. பின்லாந்தில் தாம்பரே என்ற ஊரில் சில இளைஞர்கள், 'ஸ்டார் டிரெக்', 'பாபிலோன் 5' என்ற இரண்டு அமெரிக்க விண்வெளித் தொடர்களையும் சேர்த்துக் கலாய்த்து 'ஸ்டார் ரெக்' என்று முழுநீளப் படமே எடுத்தார்கள். ஒரு சின்னக் குடியிருப்புக்குள், பின்னணியில் வேறு காட்சியை ஒட்டிக்கொள்ள உதவும் நீலத் திரையை மாட்டிக்கொண்டு, ஏழு வருஷம். 2005-ல் இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். பிடிக்காத ஒன்றுக்காக யாராவது ஏழு வருஷம் மெனக்கெடுவார்களா? 'ஸ்டார் டிரெக்' உரிமையாளர்களோ 2016-ல் ரசிகர் படங்களுக்கென்று விதிகள் போட்டார்கள். ஒரு கதை பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இரண்டு பாகமானால் மொத்தம் முப்பது நிமிடம். நம் சீரியல்காரர்களுக்கு அந்த நேரம் ஒரு கதவைத் திறக்கவே பற்றாது.

ஆனால் அந்தக் கதவு விஷயத்தில்தான் எங்களுக்குச் சரியான அடி. ஏழு முகம் வேண்டும், இருப்பதோ நான்கு பேர். துண்டையும் சவுரியையும் மாற்றி மாற்றி ஒப்பேற்றினோம். அது பரவாயில்லை. ஒன்றுமே பேசாமல், சிரிக்காமல், கண்ணை மட்டும் மெதுவாகப் பெரிதாக்கி ஐந்து விநாடி நிற்க வேண்டும். நின்று பாருங்கள் தெரியும்! எனக்குப் பதினாலாவது தடவைதான் வந்தது. தினம் ஒரு பகுதி எடுத்தாக வேண்டிய அவசரத்தில் இதை நாள் முழுக்கச் செய்கிற நடிகைகளை அதுவரை நாங்கள் நடிகைகளாகவே மதித்ததில்லை.

படத்தை முதலில் என் அம்மாவுக்குத்தான் போட்டுக் காட்டினேன். இருபது வருஷமாக ஒரு நாள் விடாமல் சீரியல் பார்ப்பவர். மீசைக்குச் சிரிக்கவில்லை, தறிக்குச் சிரிக்கவில்லை. முகங்கள் ஒரு சுற்று வந்ததும், "நிறுத்து கண்ணு" என்றார்.

"தப்புப் பண்ணினவ மூஞ்சிய ரெண்டாவதா காட்டிட்டியே. அவளது கடைசியா வரணும். மத்தவங்கள விட ஒரு நொடி கூட நிக்கணும்."

அன்றைக்கு ராத்திரியே வெட்டி மாற்றி ஒட்டினோம். இப்போது நீங்கள் பார்த்தால் அம்மா சொன்ன வரிசையில்தான் இருக்கும்.