அரை டிக்கெட்டுக்கு எதற்கு முழுக் கோட்டு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சொகுசுக் கப்பலில் இரவு விருந்துக்குப் பிள்ளைகளுக்கு ஏற்றது கோட்டும் கவுனுமா, வசதியான உடையா? இதுதான் தலைப்பு. வசதியான உடையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா மூன்று காரணம் அடுக்கினார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்றார்கள். சபை நாகரிகம் சின்ன வயதிலேயே வர வேண்டும் என்றார்கள். குடும்பமாகப் படம் எடுப்பார்கள், அதில் பிள்ளை எடுப்பாக இருக்க வேண்டாமா என்றார்கள். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், அவர்கள் குரல் வளத்துக்காக.

ஆள் பாதி ஆடை பாதி. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளே அரை டிக்கெட்டு. அதில் பாதி போனால் மிச்சம் கால். அந்தக் காலுக்கு மேலே மூன்று அடுக்குத் துணியை மாட்டினால், பிள்ளை உள்ளே எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாமா?

கப்பலேறாதவர்களுக்காக அந்த விருந்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே மெரினா பே கப்பல் முனையத்தில் ஏறினால் மூன்று நான்கு இரவு, பினாங்கு, பூக்கெட் பக்கம் ஒரு சுற்று. பெரும்பாலான இரவுகளில் சாதாரண உடைதான். ஏதாவது ஓர் இரவை மட்டும் ஃபார்மல் நைட், அதாவது கோட்டும் கவுனுமாக வரும் இரவு என்று அறிவிப்பார்கள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பந்தி: ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டு எட்டரைக்கு இன்னொன்று. நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி இலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்துவிட மாட்டார்கள். சூப் வரும், காத்திரு. அடுத்தது வரும், காத்திரு. இனிப்பு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். பகலெல்லாம் நீச்சல் குளத்தில் ஊறிய பிள்ளைக்கு அந்நேரம் கண் சொருகும்.

ஒருமுறை எங்கள் பக்கத்து மேசையில் ஆறு வயதுப் பையன். வெல்வெட் கோட்டு, உள்ளே வெயிஸ்ட் கோட்டு, கழுத்தில் எலாஸ்டிக் வைத்த பட்டாம்பூச்சி டை. முதல் பத்து நிமிஷம் மகாராஜா. சூப்புக்குக் காத்திருந்த நேரத்தில் அந்த எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தான். டப், டப் என்று அவன் தொண்டையிலேயே அடித்தது. அம்மா கையைத் தட்டிவிட்டார். சரி என்று, இனிப்பு வரும்வரை காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பளபளக்கும் புது ஷூ, வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியிருப்பார்கள் போல. ஒன்று கழன்று பறந்து எங்கள் மேசைக்கு அடியில் வந்து விழுந்தது. அதே சமயம் விளக்கை மங்கலாக்கிவிட்டார்கள். பணியாளர்கள் பேக்ட் அலாஸ்கா என்ற ஐஸ்கிரீம் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடி வருகிறார்கள். கூடமே நாப்கினைத் தலைக்கு மேல் சுற்றுகிறது. அந்தக் குடும்பம் மட்டும் போன் வெளிச்சத்தில் தரையில் தவழ்கிறது. எதிரணி சொன்ன சபை நாகரிகம் இதுதானா நடுவர் அவர்களே?

பெண் பிள்ளைகள் பாடு இதைவிட மோசம். கவுனுக்குள் குத்துகிற கேன்கேன் பாவாடை, முதுகு நெடுகக் கொக்கி. முக்கியச் சாப்பாட்டை மேசையில் வைக்கும்போதுதான் பிள்ளை "அம்மா, ஒண்ணுக்கு" என்று சொல்லும். இது இயற்கை விதி. கழற்றி மாட்டித் திரும்பி வருவதற்குள் மீன் ஆறிப்போய்விடும். ஏசி குளிர் வேறு. கையில்லாத கவுனில் பிள்ளை நடுங்க, அப்பா தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறார். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய ஜிகினா வேலை கோட்டுக்குள்ளே போய்விட்டது.

இதெல்லாம் கப்பல்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ராயல் கரீபியன் கப்பல்களில் குடும்பங்களுக்கென்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறி 40 நிமிஷம் வாக்கில் முடித்துவிடுவார்கள். குழந்தைகள் கிளப் ஆட்கள் கூடத்துக்கே வந்து அழைத்துப் போய்விடுவார்கள். டிஸ்னி கப்பல்களிலும் இரண்டாம் பந்திக்கு இதே கதைதான். அழைத்துப் போகிற இடத்தில் என்ன இருக்கிறது? பெயிண்டு, பசை, தரையில் உருளுகிற விளையாட்டு. வெல்வெட் கோட்டோடு அங்கே அனுப்பப் போகிறீர்களா? இல்லை, கேபினுக்கு ஓடி உடை மாற்றிவிட்டு வரப் போகிறீர்களா? அப்புறம் உங்கள் சாப்பாட்டை யார் சாப்பிடுவது?

எதிரணித் தலைவர் "அந்தக் காலத்துக் கப்பல் மரபு" என்று ஒரு போடு போட்டார். நல்லது, அந்தக் காலத்துக்கே போவோம். 1935இல் நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் 93 மீட்டர் நீளம். ஒரே நேரத்தில் 700 பேர் உட்காரலாம். ஆண்கள் வால் கோட்டு, பெண்கள் தரையைக் கூட்டும் கவுன். அங்கே பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தனியாக ஒரு சாப்பாட்டு அறை கட்டி, சுவரெல்லாம் கதைப்புத்தக யானைகளை வரைந்து வைத்தார்கள். ஆடம்பரத்தின் உச்சியில் இருந்தவர்களே பிள்ளைகளை யானைகளோடு சாப்பிட விட்டுவிட்டார்கள். நீங்கள்தான் இழுத்துவந்து வால் கோட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்காரவைக்கிறீர்கள். இன்றைக்கும் குனார்ட், பி அண்ட் ஓ போன்ற பிரிட்டிஷ் கப்பல்களில் பிள்ளைகளுக்குச் சாயங்காலமே டீ என்ற பெயரில் தனிச் சாப்பாடு போடும் வழக்கம் உண்டு. உடை விஷயத்தில் குனார்டைவிடக் கறாரானவர்களைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பெரியவர்களுக்கே கட்டு தளர்ந்துகொண்டு வருகிறது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000இலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லி ஃபார்மல் கட்டாயத்தைக் கைவிட்டது. செலிபிரிட்டி என்ற கப்பல் நிறுவனம் 2015இல் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு, இலகுவான வேறொன்றைக் கொண்டுவந்தது. அப்பா கோட்டைக் கழற்றியாயிற்று, பிள்ளை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அதற்காக எப்படியும் அனுப்பலாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. குளத்து உடை, ஈரத் துணி, கையில்லாத பனியன், வெறுங்கால், இதெல்லாம் கூடத்துக்குள் கூடவே கூடாது. பையனுக்குக் காலர் வைத்த பருத்திச் சட்டை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட். பெண்ணுக்குக் கொக்கியில்லாத பருத்தி ஃபிராக், மேலே ஒரு கார்டிகன். கழன்று பறக்காத செருப்பு. இஸ்திரி போட்டிருந்தால் இன்னும் நல்லது. போன தீபாவளிக்கு லிட்டில் இந்தியா தேக்காவில் எடுத்த ஜிப்பா இருக்கிறதா? அது போதும். குனார்டே ஃபார்மல் இரவில் தேசிய உடையை ஏற்றுக்கொள்கிறது. சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு பேசாதே, தட்டை வைத்தவருக்கு நன்றி சொல் என்று கற்றுக்கொடுக்க ஜிப்பா இடைஞ்சலாகவா இருக்கப் போகிறது?

பதிமூன்று வயதுப் பெண் தானாக வந்து "புடவை கட்டிவிடுங்கள்" என்றால் கட்டிவிடுங்கள். சேஃப்டி பின் நானே தருகிறேன். ஆசைப்பட்டுக் கட்டுகிறவளை யாரும் தடுக்கவில்லை. ஆறு வயதுப் பையன் எந்த ஊரில் வெல்வெட் கோட்டு கேட்டு அழுதான்?

கடைசியாகப் படம். அதை எங்கே எடுக்கிறார்கள்? கூடத்துக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம், பின்னால் திரை கட்டி. எப்போது? பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால். அப்படியானால் படத்துக்குக் கோட்டு போடுங்கள். ஐந்து நிமிஷம்தானே, பிள்ளையும் தாங்கும். எடுத்து முடித்ததும் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு சூப்பைக் கொடுங்கள். இன்றைய தலைப்பு விருந்துக்கு என்ன உடை என்பதுதான். படத்துக்கு என்ன உடை என்று யாரும் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணித் தலைவர் தன் மகனையும் இங்கே கூட்டி வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், அரைக்கால் சட்டையும் டீ-சர்ட்டுமாகக் கையைத் தூக்கிக் காட்டுகிறானே, அவன்தான். தீர்ப்புக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.