கோல் ஓசியாயிட்டு, யாவாரம் என்னாச்சு?

(இலங்கையில, கல்முனையில சின்ன யாவாரிகள் முன்னால பேசினது)

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையில ரெண்டையும் சொல்லாம மைக்கப் புடிக்கேலாது.

முந்தி நம்மட பக்கம் சந்திக்குச் சந்தி கொமினிகேஷன் கடைதான். சவூதிக்கு ஒரு கோல் எடுக்கிறதெண்டா மீட்டரப் பாத்துப் பாத்துக் கதைக்கணும், சுகம் விசாரிக்க முதலே சல்லி ஏறிடும். 2003ல இன்டர்நெட்டால கோல் எடுக்கிற ஸ்கைப் வந்து, பிறகு வைபர், இமோ, 2015ல வட்ஸ்அப்லயும் கோல் வந்ததோட அந்தக் கடையள் எல்லாம் போட்டோக்கொப்பி, ரீலோட் எண்டு மாறிட்டு.

மருதமுனையில தறி வச்சிருக்கிறவர் முந்தி சாரிய நெய்து முதலாளிட்ட குடுப்பார், அவர் சொல்றதுதான் விலை. இப்ப வெளிநாட்டுல இருந்து சாரி வாங்குற புள்ள வீடியோ கோல்ல வந்து "அந்தப் பச்சைய வெளிச்சத்துல புடிங்க, முந்தானைய விரிங்க" எண்டுது, அங்கயே விலை முடியுது, இடையில ஆளில்ல. ஆனா போன் கமரா கலர மாத்திக் காட்டும், டியூப் லைட்டுக்குக் கீழ மரூன் ஒரு மாதிரி, வெயில்ல வேற மாதிரி. பகல்ல வாசல்ல நிண்டு காட்டுங்க, இல்லாட்டி சாமான் திரும்பி வரும்.

அடுத்தது, கோல் இழுக்கிற பிரச்சினை. நம்மட குரல சின்னச் சின்னத் துண்டா வெட்டித்தான் அனுப்புது, ஒரு துண்டு பொதுவா 20 மில்லிசெக்கன். வழியில துலைஞ்சத திருப்பி அனுப்பிக்கொண்டு நிண்டா கதை பிந்திப் போகும், அதால விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். நீங்க "பதினஞ்சு சாரி" எண்டு சொல்றீங்க, முன்பாதித் துண்டுகள் வரிசையாத் துலைஞ்சிட்டு, அங்கால ஆளுக்கு "அஞ்சு சாரி" எண்டு கேக்குது! ஆர்ல பிழை சொல்லுங்க? விலை, எண்ணிக்கை, அனுப்புற திகதி எல்லாத்தையும் கோல் முடிஞ்ச கையோட டைப் பண்ணிப் போடுங்க. சாமான் காட்டி முடிஞ்சா வீடியோவ நிப்பாட்டிட்டுக் கதைங்க, குரலுக்கு செக்கனுக்கு 40 கிலோபிட் டேட்டா தாராளமாக் காணும், தெளிவான படத்துக்கு அதப்போல பத்து மடங்குக்கு மேல வேணும். குரல் போய்ச் சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல எடுத்தா ரெண்டு பேரும் ஒண்டாக் கதைச்சு மோதுவம், பேரம் பேசக்குள்ள அதப்போல தொல்லை இல்ல.

சவூதி 2017 செப்டம்பர்ல நெட் கோலத் திறந்து விட்டுட்டு. அமீரகத்துல வட்ஸ்அப் கோலுக்கு கனகாலமாத் தடை, அங்க கஸ்டமர் இருந்தா வட்ஸ்அப்ல வொய்ஸ் நோட்டும் போட்டோவும் அனுப்பலாம். சரி, கேள்வி இருந்தா கேளுங்க, பின்னுக்கு நிக்கிற தம்பி முதல்ல.