பிபிசி மைக்ரோவில் முதல் டெர்மினல் நிரலை ஏற்றுவது எப்படி?

(திரையில்: மேசைமேல் பழுப்பேறிய பிபிசி மைக்ரோ. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி.)

வணக்கம். குன்னூரில் காலையிலிருந்தே பனிமூட்டம், வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

1984இல் பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தின் மூலம் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த கணினி இது. 32 கேபி நினைவகம். என்னுடையது பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இதில் மோடம் வழியாகக் கோப்பு இறக்க டெர்மினல் மென்பொருள் வேண்டும், அதாவது கம்பி வழியாக இன்னொரு கணினியோடு பேசும் நிரல். அந்த மென்பொருளை எப்படி இறக்குவது? அதற்கும் டெர்மினல் வேண்டும்! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எடுத்தவுடன் சுவிட்சைப் போடாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் மேலுறை வெடித்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஃப்ளாப்பியிலேயே பூஞ்சை பூக்கிற ஊர் இது, கேட்கவா வேண்டும்? நான் அவசரப்பட்டேன். கால் மணி நேரத்தில் அறை முழுக்கப் புகை, நாற்றம் போக இரண்டு நாள். முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றிவிடுங்கள்.

(திரையில்: பின்பக்கத்து சீரியல் சாக்கெட், நெருக்கத்தில்.)

பகடையின் ஐந்து புள்ளி மாதிரி ஐந்து துளைகள் தெரிகின்றன அல்லவா? இதில் பிளக்கைத் தலைகீழாகவும் செருகலாம். வம்பே அங்குதான். நடுவில் உள்ள எர்த் அப்படியே இருக்கும். அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி உட்பட மற்ற நான்கும் இடம் மாறிவிடும். எதுவும் வரவில்லை என்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள், பிளக்கைத் திருப்பிப் பாருங்கள். மீதி இரண்டு கம்பிகள் "கொஞ்சம் நில்லு, இப்போது அனுப்பு" என்று சொல்ல. அவற்றையும் இணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பாதி எழுத்து காணாமல் போகும்.

மறுமுனையை யுஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக லேப்டாப்பில் செருகுங்கள். அங்கே வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.

இப்போது பிபிசியில் மூன்று வரி, ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

*எஃப்எக்ஸ் 7,7
*எஃப்எக்ஸ் 8,7
*எஃப்எக்ஸ் 2,1

முதல் இரண்டும் வாங்கும் வேகத்தையும் அனுப்பும் வேகத்தையும் 9600 ஆக்கும். பூட்டைத் திறப்பது மூன்றாவது. இனி கீபோர்டில் தட்டுவதைக் கணினி பார்க்காது, சீரியல் கம்பியில் வருவதையே தட்டியதாக எடுத்துக்கொள்ளும். டெர்மினல் நிரலின் பேசிக் மொழி வரிகளை லேப்டாப்பிலிருந்து அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி திரையில் ஓடும். ஒவ்வொரு வரியும் ரிட்டர்ன் குறியோடு முடிய வேண்டும். கோப்பின் கடைசி வரியாக *எஃப்எக்ஸ் 2,0 சேருங்கள், கீபோர்டு திரும்பக் கிடைக்கும். மறந்துவிட்டால் பிரேக் விசையை அழுத்தி, ஓல்ட் என்று அடியுங்கள். நிரல் பத்திரமாக இருக்கும். சரி, உடனே ஃப்ளாப்பியில் சேமித்துவிடுங்கள்.

அப்புறம் மோடம். இஎஸ்பி8266 சில்லு உள்ள வைஃபை மோடம் போதும். வீட்டு ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயங்க வேண்டும், இந்தச் சில்லுக்கு 5 தெரியாது. எண்ணைச் சுழற்றச் சொல்லும் மோடம் கட்டளையான ஏடிடிடியை அடித்து, தொலைபேசி எண்ணுக்குப் பதிலாகத் கோப்பு இருக்கும் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் இணைந்துவிடும்.

இறக்குவதற்கு எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை. 128 பைட் பொட்டலம், கூடவே சரிபார்ப்பு எண். கணக்கு ஒத்துவராவிட்டால் அதே பொட்டலத்தைத் திரும்பக் கேட்கும். ஆனால் மெஷின் கோடு (செயலி நேரடியாகப் படிக்கும் நிரல்) கோப்பு நினைவகத்தில் எங்கே உட்கார வேண்டும் என்ற முகவரியை எக்ஸ்மோடம் கொண்டுவராது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பழகும்வரை பேசிக் நிரல்களாகவே இறக்குங்கள். கோப்பின் பெயர் 7 எழுத்தைத் தாண்டக் கூடாது.

(திரையில்: பொட்டல எண்கள் ஏறுகின்றன.)

வந்துவிட்டது. ஃப்ளாப்பியில் உள்ள கோப்புகளைக் காட்டும் *கேட் அடிக்கிறேன், பட்டியலில் இருக்கிறது. கரண்ட் போவதற்குள் இன்னொரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்துவிடுகிறேன்.