இளநீரு போதாதுங்க! குழந்தையோட பாலி, தாய்லாந்து கெளம்பறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: ஒரு இளநி, பக்கத்துல ஒரு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்]

பொள்ளாச்சிக்காரங்க கோவிச்சுக்காதீங்க. குழந்தைக்கு வயித்தால போறப்ப இளநீரு மட்டும் குடுத்துச் சமாளிக்கறது தப்புங்க. ஏன்னு கொஞ்ச நேரத்துல விளக்கமாவே பார்க்கலாம். அதுக்கு முந்தி ஊசிக் கணக்கை முடிச்சிடலாம், வாங்க.

கோயமுத்தூர்ல ஏறினா நேரா சிங்கப்பூர்ல எறங்கலாம். அங்கிருந்து பாலி, புக்கெட், லங்காவினு மே லீவுக்கு நம்ம பக்கத்துக் குடும்பங்க நிறையப் போறாங்க. "நாமளே வெயில் ஊருக்காரங்க, நமக்கென்ன ஊசி"ன்னு ஒரு நெனப்பு இருக்குது. அந்தத் தெம்பு உங்க ஒடம்புல இருக்கலாம், சின்ன வயசுல பட்டுத் தேறினது. கேன் தண்ணி குடிச்சு வளர்ற ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது இல்லீங்க.

டிக்கெட் போட்ட அன்னைக்கே தடுப்பூசி அட்டையை எடுங்க. ஆறு வாரம் முன்னாடியே குழந்தை டாக்டரைப் பார்க்கணும். டைபாய்டு கான்ஜுகேட் ஊசி 6 மாசத்துல இருந்தே போடலாம், ஆனா போட்டு ரெண்டு வாரமாவது ஆகணும். ஹெபடைடிஸ் ஏ ஊசி ஒரு வயசுக்கு மேல. தட்டம்மை ஊசி வழக்கமா 9 மாசத்துல. 6 மாசம் முடிஞ்ச பாப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, முன்கூட்டியே ஒண்ணு போடலாமான்னு கேளுங்க. அது கணக்குல சேராது, 9 மாச ஊசியையும் தவறாமப் போடணும். வயக்காட்டு ஓரமா, பன்னி வளர்க்கற ஊர்ல பல நாள் தங்கறதா இருந்தா ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பத்தியும் பேசுங்க.

கென்யா சஃபாரி போறவங்களுக்கு மஞ்சக்காய்ச்சல் ஊசி 9 மாசத்துக்கு மேல. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. சான்றிதழ் செல்லுபடியாக 10 நாள் ஆகும். அது இல்லாம ஊர் திரும்பினா 6 நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. இதுவும் எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்ந்த ஊசி) உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செஞ்ச ஊசிங்க. ஒரே நாள்ல போடலீன்னா ரெண்டுக்கும் நடுவுல நாலு வாரம் விடணும். கடைசி வாரத்துல ஓடினா கணக்கு இடிக்கறது இங்கதான்.

அடுத்தது வெறிநாய்க்கடி. வால்பாறை ரோட்டுல கொரங்குக்குப் பழம் குடுத்துப் பழகின குழந்தை, பாலியில உபுத் கொரங்குக் காட்டுலயும் கையை நீட்டும். பாலியில 2008-ல இருந்தே வெறிநோய் இருக்குது. குழந்தை குள்ளம், அதனால கடி மூஞ்சியிலயும் தலையிலயும் படும். மூளைக்குக் கிட்டங்கறதால ஆபத்து அதிகம். திட்டு விழும்னு கீறலை மறைக்கவும் செய்யும். அதனால "என்ன ஆனாலும் சொல்லு கண்ணு, திட்ட மாட்டேன்"னு மொதல்லயே சொல்லி வெச்சுடுங்க. கடியோ கீறலோ பட்டா ஓடற தண்ணியில சோப்புப் போட்டு முழுசா 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே ஆஸ்பத்திரி. போறதுக்கு முன்னாடியே 0, 7-ஆம் நாள்னு ரெண்டு ஊசி போட்டிருந்தா, கடிச்சப்புறம் 0, 3-ஆம் நாள் ரெண்டு மட்டும் போதும். தீவுல கிடைக்கறதே கஷ்டமான இம்யூனோகுளோபுலின்ங்கற எதிர்ப்பொருள் மருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்ப இளநீருக்கு வருவோம்.

நம்ம குடல் சுவத்துல ஒரு வாசல் இருக்குதுங்க. அதுல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாத்தான் நுழையும், பின்னாடியே தண்ணி போகும். சோமனூர்த் தறிக்காரங்களுக்குச் சொன்னாச் சட்டுனு புரியும். பாவு மட்டும் இருந்தாத் துணி ஆகுமுங்களா? ஊடையும் ஓடணும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ல சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75, பொட்டாசியம் 20. இளநீர்ல இது தலைகீழு. பொட்டாசியம் ஏராளம், சோடியம் கம்மி. பேதியில குழந்தை இழக்கற உப்பை அது ஈடுகட்டாது. கூடச் சேர்த்துக் குடுங்க, ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாக் குடுக்காதீங்க. அட்டைப்பெட்டி ஜூஸ் இன்னும் மோசம். அதுல இருக்கற சர்க்கரை தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்துப் பேதியைக் கூட்டும். 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களோட பேருல ஓஆர்எஸ்ங்கற சொல்லே வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ரொம்ப நல்ல உத்தரவுங்க அது.

பாக்கெட்டைக் கலக்கறதுலதான் பெரிய தப்பு நடக்குது. ஒரு லிட்டர் பாக்கெட் 20.5 கிராம். அதை ஒரே டம்ளர்ல கொட்டினா உப்பு அஞ்சு மடங்கு ஆயிடும், ரத்தத்துல சோடியம் ஏறி மூளையையே பாதிக்கும். அதுவும் பாலியில பரவலாக் கிடைக்கற தண்ணி பாட்டில் 600 மில்லி, ஒன்றரை லிட்டர். ஒரு லிட்டரை எதுல அளப்பீங்க? அதனால 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டா பத்துப் பதினஞ்சு வாங்கிக்கங்க. ஒரு 600 மில்லி பாட்டிலுக்குச் சரியா மூணு. மூடி சீல் உடையாததான்னு பாருங்க. கலக்கினது 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறமும் ரெண்டு வயசுக்குள்ள 50-ல இருந்து 100 மில்லி, அதுக்கு மேல 100-ல இருந்து 200. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியா. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண்ணு உள்ள போயிருந்தா, அழுதும் கண்ணீர் வரலீன்னா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலீன்னா, மலத்துல ரத்தம் பார்த்தா உடனே ஆஸ்பத்திரிங்க.

[திரையில்: மூணு பாராசிட்டமால் பாட்டில்]

காய்ச்சலுக்கு ஊர்ல இருந்தே பாராசிட்டமால் மருந்து எடுத்துட்டுப் போங்க, அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. சொட்டு மருந்து மில்லிக்கு 100 மில்லிகிராம், அதுல 1.5 மில்லி. 5 மில்லியில 120 இருக்கற சிரப்புல 6.25 மில்லி. 250 இருக்கற சிரப்புல 3 மில்லி. சொட்டு மருந்தை 120 சிரப்பு அளவுல ஊத்தினா நாலு மடங்கு உள்ள போயிடும், ஈரல் கெட்டுடும். லேபிளைப் படிச்சு, வீட்டுலயே சிரிஞ்சுல கோடு போட்டு வெச்சுக்கங்க. டெங்கு ஊர்ல ஐபுப்ரோஃபென்ங்கற காய்ச்சல் மருந்தைக் குடுக்கவே கூடாது.

டெங்கு கொசு பகல்ல கடிக்கும். ரெண்டு மாசத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 10-ல இருந்து 30 சதவீத டீட் இருக்கற கொசு விரட்டி தடவலாம். சன்ஸ்கிரீன் மொதல்ல, கொசு மருந்து அப்புறம். கைவிரல்ல தடவாதீங்க, வாய்க்குள்ள போயிடும். ரெண்டு மாசத்துக்கும் சின்ன பாப்பாவுக்குக் கொசு வலைதான்.

ஊர் வந்தப்புறம் காய்ச்சல் வந்தா, எந்த ஊருக்கு, எந்தத் தேதியில போனோம்னு டாக்டர்கிட்ட மொதல் வார்த்தையாச் சொல்லிடுங்க. மலேரியா மாசக்கணக்குக் கழிச்சும் வரும். குழந்தையோட வயசு, போற ஊரு, தேதி மூணையும் கமென்ட்ல போடுங்க, டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு எழுதறோம்.